டிராலி மீட்ட படலம்

வாழிய செயலாளர்! நான்கு மாடிக் குடியிருப்பின் நடுநாயகரும், குடியிருப்போர் நலச் சங்கத்தின் அசைக்க முடியாத செயலாளரும், அறிவிப்புப் பலகையின் ஏகபோகச் சக்கரவர்த்தியும், வாசலில் செருப்பைச் சிதறவிடுவோரின் சிம்ம சொப்பனமும், மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழியும் ஓசையை ஆழ்ந்த உறக்கத்திலும் கேட்டுத் துள்ளியெழும் நுண்செவிச் செல்வருமாகிய அப்பெருந்தகை, ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், சூப்பர் மார்க்கெட்டின் பார்க்கிங்கில், படையின்றிப் பரிவாரமின்றித் தனியொருவராக நின்று, அநாதையாய் விடப்பட்ட ஒரு டிராலியை மீட்டு அதன் இனத்தோடு சேர்த்த அருஞ்செயலைப் பாடப் புகுந்தோம். கேட்போர் செவி குளிர்க. கேளாதோர் கார் டயர் காற்றிறங்குக.

இத்தகைய பெருங்காரியத்தில் இறங்குமுன் தெய்வத்தை அழைப்பது மரபு. நாம் அழைப்பது டிராலியின் நான்காவது சக்கரத்தை. உடன்பிறந்த மூன்றும் ஒழுங்காக முன்னே உருளுகையில், தான் மட்டும் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு, பருப்பு வாங்க வந்தவரைப் பினாயில் அலமாரியின்முன் கொண்டுபோய் நிறுத்தும் தன்னிச்சைத் தேவே! கீச்சொலியையே மந்திரமாகக் கொண்ட மூர்த்தியே! எம் கதை கோணாமல் போக அருள்வாயாக. நீ கோணாமல் போகமாட்டாய் என்பது எமக்குத் தெரியும், ஆனாலும் கேட்டு வைக்கிறோம்.

நம் தலைவர் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தவர். பிறர் செய்ததில் குறை காண்பதைச் சம்பளத்துக்குச் செய்து ஓய்வு பெற்றவர். இப்போது அதையே சம்பளமில்லாமல் செய்து வருபவர். அவர் ஒட்டிய நோட்டீசுகள் அந்தக் குடியிருப்பில் சுண்ணாம்பைவிட அதிகமாகச் சுவரை மூடியிருந்தன. ‘லிஃப்ட் கதவை மூடுவது நாகரிகம்’ என்றது ஒன்று. ‘மூடாதவர்கள் யார் என்பது எங்களுக்குத் தெரியும்’ என்றது அதன் கீழே மற்றொன்று. ‘எங்களுக்கு’ என்ற பன்மைக்குள் அவர் ஒருவர்தான் இருந்தார்.

ஆயினும் அவருடைய அறங்களிலெல்லாம் தலையாய அறம் டிராலி அறமே. கடையிலிருந்து சாமான்களைத் தள்ளிக்கொண்டு வந்து காரில் ஏற்றியபின், காலி டிராலியை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் அவருக்குக் கண் சிவக்கும், மீசை துடிக்கும், ரத்த அழுத்த மாத்திரையின் வேலை வீணாகும். “சாமானை ஏத்தினதுக்கப்புறம், யாரும் பாக்காத நேரத்துல, ஒருத்தன் டிராலிய என்ன பண்றான்னு பாரு. அதான் அவனோட யோக்கியதை” என்பது அவர் மனைவிக்கு மாதந்தோறும் அருளும் உபதேசம். தாம் டிராலியைத் திருப்பி விடும்போது மட்டும் யாராவது பார்க்கும்படி சற்றே கனைத்துக்கொள்வார் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் காவிய தர்மம். அநாதை டிராலிகளைப் படம்பிடித்து, ‘இவர்களும் மனிதர்களா?’ என்ற கேள்வியோடு சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவந்த அந்த மகான், தாம் குடித்த காபி டம்ளரைச் சோபாவின் கையிலிருந்து சமையலறைத் தொட்டிவரை ஒருமுறையேனும் கொண்டுபோனதாகச் சரித்திரச் சான்று ஏதும் அகப்படவில்லை. அவர் மனைவியைக் கேட்டும் பார்த்தாயிற்று.

இனி எதிர்த்தலைவரைக் காண்போம். அவர் வேறு யாருமல்லர், தலைவரின் சம்பந்தி. தலைவரின் ஒரே மகளை மருமகளாகக் கொண்ட வீட்டின் அதிபதி, மரக்கடை முதலாளி, புருவத்தை உயர்த்தினால் தேக்குமரம் தானாக லாரியில் ஏறும் என்னும்படி ஆட்களை வைத்து ஆண்டவர், தம் கையால் ஒரு பென்சிலைக்கூட எடுத்து இடம் மாற்றியிராத பேராண்மையாளர். குரல் எடுத்தால் மரம் அறுக்கும் மிஷின் வெட்கும். மனசு தங்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர் என்பதை அவரே சொல்லிச் சிரிப்பார். அடுத்தவர் சொல்லிச் சிரிக்க விடமாட்டார்.

இவ்விரு பெருமலைகளுக்கும் நடுவே ஓர் இளங்கொடி நின்றது, அவள்தான் மகள். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. புருஷனும் பெண்டாட்டியும் தனியாக ஒரு வீடு பார்த்துப் போக ஆசைப்பட்டார்கள், ஆனால் மரக்கடை முதலாளி எது கேட்டாலும் “பாக்கலாம், பாக்கலாம்” என்றே சொல்லி வந்தார். இந்தச் சமயம் பார்த்துத் தலைவரின் குடியிருப்பில் மூன்றாவது மாடி வீடு காலியாயிற்று. தலைவர் அதை வேறு யாருக்கும் விட்டுவிடாதபடி, வீட்டுச் சொந்தக்காரரைத் தினம் ஒருமுறை போனில் அழைத்து நலம் விசாரித்து, அந்த மனிதருக்கு நலமே இல்லாதபடி செய்து வைத்திருந்தார்.

இங்கே பகடியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மகள் போனபின் தலைவருக்கு அந்த வீடு பிடிக்கவில்லை. முன்பெல்லாம் நோட்டீஸ் எழுதினால் அவள்தான் எட்டிப் பார்த்து, “என்னப்பா இது, மிரட்டற மாதிரி இருக்கு” என்று சிரிப்பாள். இப்போது சிரிக்க ஆளில்லாமல் நோட்டீசுகள் இன்னும் நீளமாகிக்கொண்டே போயின. அவள் மூன்றாவது மாடிக்கு வந்துவிட்டால் தினம் மாலையில் படியேறி நான்காவது மாடிக்கு வருவாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, அதற்கு நோட்டீசும் ஒட்டவில்லை.

அன்றைய ஏற்பாடு இதுதான். சம்பந்தி புதிதாக வாங்கிய வெள்ளைக் காரில், மாப்பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, அவரும் தலைவரும் தலைவரின் மனைவியும் மகளும் கடைக்குப் போவது, சம்பந்தி வீட்டுக்கு வேண்டிய சாமான்களை வாங்குவது, திரும்பி வந்து அந்த வீட்டிலேயே மதியம் சாப்பிடுவது. சாப்பாட்டுக்குப்பின், வயிறு நிறைந்து மனம் இளகிய நேரத்தில், மூன்றாவது மாடி விஷயத்தை மகள் தன் மாமனாரிடம் மெல்ல எடுப்பது. கடைக்குள்ளே, காய்கறி எடைபோடும் இடத்தில், அவள் தகப்பனாரைத் தனியே இழுத்து வேண்டிக்கொண்டாள். “அப்பா, மாமா இன்னிக்கு நல்ல மூட்ல இருக்காரு. சாப்பிட்டு முடிச்சதும் நானே பேசிக்கறேன். அதுவரைக்கும் நீங்க யாருக்கும் எதையும் சொல்லிக்குடுக்காதீங்கப்பா, ப்ளீஸ்.” தலைவர் புண்பட்டார். “நான் எப்பம்மா யாருக்குச் சொல்லிக்குடுத்திருக்கேன்?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, தக்காளிப் பையை எப்படி முடிச்சுப் போட்டால் எடை போடுகிறவருக்குச் சௌகரியம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இனிக் களம். உச்சிவெயிலில் தகதகக்கும் தார்த்தரை. வரிசை வரிசையாகக் கார்கள், மூச்சுவிடாத யானைகள்போல் நிற்கின்றன. கடைவாசலை அடுத்து, தகரக் கூரையின் கீழ், டிராலி ஸ்டாண்டு. அதன்மேல் நீலப் பலகை, அதில் வெள்ளை அம்புக்குறியும் கொட்டை எழுத்துகளும். அங்கிருந்து கார் நிற்கும் இடம் வரைக்கும், தோற்றோடிய சேனையைப்போல் டிராலிகள் சிதறிக் கிடந்தன: ஒன்று பூச்செடித் தொட்டிமேல் முன்சக்கரம் ஏறி, ஒன்று இரண்டு கார்களுக்கு நடுவே மூச்சுத்திணறி, ஒன்று சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தின் சரிநடுவே சிம்மாசனம்போல் அமர்ந்து. தலைவர் அவை ஒவ்வொன்றையும் பார்த்தார். பார்த்துப் பல்லைக் கடித்தார். மகளுக்குக் கொடுத்த வாக்கை நினைத்துக் கடித்த பல்லை விட்டார்.

சாமான்கள் காரில் ஏறின. ஏற்றியவர் தலைவர், எது அடியில் போகவேண்டும், எது மேலே வரவேண்டும் என்று புருவத்தால் ஆணையிட்டவர் சம்பந்தி. கடைசிப் பையும் ஏறியது. டிராலி காலியாயிற்று. அப்போது நடந்ததைச் சொல்ல எமக்கே நா கூசுகிறது. மரக்கடைப் பெருமகனார், கையாலன்று, காலால், ஷூ அணிந்த வலக்காலால், அந்த டிராலியை ஓர் எத்து எத்தினார். அது கீச்சென்று அலறியபடி, காருக்குப் பின்னால் சற்று மேட்டில் நின்ற மரத்தின் பாத்திக்கட்டில் போய் முட்டி நின்றது. “ஏறுங்க, ஏறுங்க, பசிக்குது” என்றார் அவர்.

அந்தோ! எறும்புப் புற்றில் வெந்நீர் ஊற்றியதுபோல் தலைவரின் நெஞ்சுக்குள் ஆயிரம் நோட்டீசுகள் ஒருங்கே கிளம்பி ஓடின. வாய் திறந்தது. ஆனால் பின்சீட்டுக் கண்ணாடி வழியாக மகளின் கண்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. வாய் மூடியது. மூடிய வாயின் ஓரத்திலிருந்து ஒரே ஒரு சொல் மட்டும் தப்பி வெளியே விழுந்தது. “டிராலி...” என்றார்.

“அதுக்குன்னு ஆள் வச்சிருக்காங்கல்ல சம்பந்தி! நாமளே கொண்டுபோய் விட்டுட்டா அப்புறம் அவங்களுக்கு வேலை வேணாமா?” என்று முழங்கினார் மரக்கடை முதலாளி. உலகெங்கும் டிராலியைக் கைவிடும் ஒவ்வொருவரும் தம்மைத் தொழிலாளர் தோழராக உணரும் அந்த ஒரு கணம் அவர் முகத்திலும் பொலிந்தது.

தலைவர் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். இதுவே அவர் வாழ்நாளின் மாபெரும் வீரச்செயல். காவியம் இங்கேயே முடிந்திருந்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கலாம். முடியவில்லை. சாய்வாகத் திருப்பிய பக்கக் கண்ணாடியில் அந்த டிராலி தெரிந்தது. வெயிலில் தனியாக நின்றது. கைப்பிடியில் எவரோ விட்டுப்போன கடைவிளம்பரத் தாள் ஒன்று காற்றில் படபடத்தது. அதே வேளையில், இடுப்பில் குழந்தையும் தோளில் பையுமாக ஒரு பெண் தன் டிராலியை ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு ஸ்டாண்டை நோக்கிப் போனாள். கனைக்கவில்லை, யார் பார்க்கிறார்கள் என்று திரும்பவுமில்லை. அவள் பாட்டுக்குப் போனாள். அது போதாதா? தலைவரின் கை தானாகக் கதவைத் திறந்தது. பின்சீட்டிலிருந்து மனைவி நீட்டிய கிள்ளு சட்டையை மட்டும் பிடித்தது, சதையை எட்டவில்லை.

“ஒரு நிமிஷம் சம்பந்தி. வெயில்ல நின்னா கைப்பிடி சூடாயிடும். சும்மா நிழல்ல விட்டுட்டு வந்துடறேன்” என்று அறிவித்தார். இரும்புக்கு இரங்கிய முதல் மனிதர் அவராகவே இருக்கக்கூடும்.

அவர் கைப்பிடியைத் தொட்டதும் எதிர்த்திசையில் கார்க்கதவு திறந்தது. மரக்கடை முதலாளி இறங்கினார். நிலம் அதிர நடந்து வந்தார். கோபமா? கோபமே இல்லை. வந்தது அதைவிடப் பயங்கரமான ஆயுதம்: மரியாதை.

“சேச்சே, நீங்க போய் டிராலி தள்றதாவது! பொண்ணக் குடுத்தவர் நீங்க. நாலு பேர் பாத்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? விடுங்க, நான் கொண்டுபோய் விடறேன்.” இப்படிச் சொல்லி அவரும் கைப்பிடியைப் பற்றினார்.

இங்கே சம்பந்திப் போரின் சட்டத்தைச் சற்று விளக்குவோம். சற்றுமுன் தலைவர் சாமான் ஏற்றியது கணக்கில் வராது, அதை நாலு பேர் பார்க்கவில்லை. பெண்ணின் தகப்பனார் டிராலி தள்ள, பிள்ளையின் தகப்பனார் ஏசி போட்ட காரில் உட்கார்ந்திருந்தால், பெண்வீட்டாரை வேலை வாங்கினார் என்ற பழி பின்னவருக்கு. பிள்ளையின் தகப்பனார் டிராலி தள்ள, பெண்ணின் தகப்பனார் பார்த்துக்கொண்டு நின்றால், பிள்ளைவீட்டாரை மதிக்கவில்லை என்ற பழி முன்னவருக்கு. எனவே இருவரில் யார் தள்ளினாலும் மற்றவருக்கு அவமானம். இருவரும் தள்ளக்கூடாது; இருவரும் விடவும் கூடாது. சற்றுமுன் இந்த உலகில் எவருக்குமே வேண்டாததாய் இருந்த அந்த டிராலியை இப்போது இரண்டு பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

“விடுங்க சம்பந்தி.”

“அட, நீங்க விடுங்க சம்பந்தி.”

“பரவாயில்ல சம்பந்தி.”

“என்ன பரவாயில்ல? விடுங்கன்னா விடுங்க சம்பந்தி!”

ஆகா, அந்தப் போரை என்னவென்று பாடுவது! ஒருபுறம் தராசு முள்ளைப்போல் மெலிந்த செயலாளர். மறுபுறம் அடிமரம்போன்ற முதலாளி. இவர் இழுக்க டிராலி கிழக்கே போயிற்று, அவர் இழுக்க மேற்கே போயிற்று, நான்காவது சக்கரம் இருவரையும் மதியாமல் வடக்கே போயிற்று. வேர்வை பெருகிற்று. சட்டைகள் முதுகோடு ஒட்டின. சிரிப்புகள் மட்டும் முகத்தில் ஆணியடித்ததுபோல் அசையாது நின்றன. இவர்கள் காலி செய்யப்போகும் இடத்துக்காக இண்டிகேட்டர் மின்னக் காத்திருந்த ஒரு கார் ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் நின்றது அதைப் பார்த்து அடித்தது. என்னவென்று தெரியாமலே அதற்கும் பின்னால் நின்றவையெல்லாம் அடித்தன. போர்முரசு முழங்கிவிட்டது. செக்யூரிட்டி விசிலை வாயில் வைத்தார், யாரைப் பார்த்து ஊதுவது என்று புரியாமல் எடுத்துவிட்டார். காரின் பின்கண்ணாடியை இறக்கி, தலைவரின் மனைவி பரிதாபமாகக் குரல் கொடுத்தாள். “அண்ணா, நீங்க வந்து ஏறுங்கண்ணா. அவரு அப்படித்தான்.” அவர்களுடைய இல்லறத்தின் முழுச் சரித்திரமும் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருந்தது.

அந்தக் கணத்தில்தான் சமாதானம் வந்தது. முதலாளிக்கு மூச்சு வாங்கியது, பசியும் எடுத்தது. அவர் இறங்கி வந்தார். மெய்யாகவே அவர் மனசு தங்கம்தான். “சரி சம்பந்தி, ஒண்ணு பண்ணுவோம். நீங்களும் தள்ள வேணாம், நானும் தள்ள வேணாம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கைய எடுத்துடுவோம். வாங்க, சாப்பாடு ஆறிப்போகுது. பசங்க விஷயமா வேற ஏதோ பேசணும்னு மருமக சொன்னா, அதையும் பேசிடலாம்.”

பசங்க விஷயம்! பின்சீட்டில் மகளின் முகம் மலர்ந்தது. தலைவர் அதைக் கண்ணாரக் கண்டார். மூன்றாவது மாடி வீட்டின் சாவி அவர் கண்முன் ஆடியது. செய்ய வேண்டியது விரல்களை விரிப்பது ஒன்றுதான். பச்சைக் குழந்தைகூட அதைச் செய்யும். அவருடைய சுண்டுவிரல் பிரிந்தது. மோதிரவிரல் பிரிந்தது. நடுவிரல் நடுங்கிற்று. தேவர்கள் பூமாரி பொழியக் கூடைகளைத் தூக்கிவிட்டார்கள்.

அப்போது அவர் நிமிர்ந்து பார்த்தார். தூரத்தில் தகரக் கூரை. கூரைமேல் நீலப் பலகை. அது ஒரு நோட்டீஸ். யாரோ முகமறியாத ஒரு செயலாளர், எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து, யாராவது படிப்பார்கள் என்று நம்பி எழுதியது. அதை ஒருவரும் படிக்கவில்லை. ஒரு நோட்டீசை இன்னொரு நோட்டீசுக்காரர் கைவிடுவதா? வலக்கையை உயர்த்தி, சுட்டுவிரலை நீட்டி, பார்க்கிங் முழுவதும் கேட்கும்படி அதை உரக்கப் படித்தார்.

“‘டிராலிகளை இங்கே விடவும்.’ கொட்டை எழுத்துல, தமிழ்லதான் சம்பந்தி எழுதியிருக்கு. படிக்கத் தெரிஞ்ச யாருக்கும் புரியும்.”

ஹாரன்கள் அடங்கியதுபோல் இருந்தது. அடங்கவில்லை, இவர்கள் காதில்தான் விழவில்லை. மரக்கடை முதலாளியின் முகத்திலிருந்து சிரிப்பு, தானாக அணைந்த விளக்குப்போல் போயிற்று. அவர் இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார். அவ்வளவுதான்.

ஒரு பக்கத்து இழுப்பு திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்பதைத் தரக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அறிவார்கள். அறிந்தும் தலைவர் ஒற்றைக் கையோடு பின்னால் சாய்ந்தார், பாத்திக்கட்டில் கால் தட்டிற்று, பிடி நழுவிற்று. விடுதலை பெற்ற டிராலி ஒரு கணம் நின்று யோசித்தது. பிறகு, தன் வாழ்நாளில் முதல்முறையாக நான்கு சக்கரங்களும் ஒரே கருத்துடையனவாகி, கீச்சொலியும் இன்றி, சரிவில் நேராக, மிக நேராக இறங்கிப்போய், புத்தம்புதிய வெள்ளைக் காரின் பின்விளக்கில் ‘டொக்’ என்று முட்டியது. சிவப்புக் கண்ணாடி உடைந்து தரையில் கொட்டியது.

இவ்விடத்தில் சாதாரண மனிதர் என்ன செய்வார்? ஓடிப்போய், “ஐயையோ, மன்னிச்சிடுங்க சம்பந்தி” என்பார். நம் தலைவர் சாதாரண மனிதராயிருந்தால் நமக்குக் காவியம் ஏது? அவர் எழுந்தார். கால்சட்டையின் பின்புறத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார். காரிடம் சென்றார். டிராலியைத் திருப்பினார். யார் முகத்தையும் பாராமல், நிமிர்ந்த தலையோடு ஸ்டாண்டை நோக்கித் தள்ளத் தொடங்கினார்.

பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்டுவரக் கரந்தைப் பூச்சூடிப் போன பழந்தமிழ் மறவர்களே, உங்கள் மாடுகள் தாமாகவாவது நடந்தன! இவர் மீட்டதோ ஒவ்வோர் அடிக்கும் பினாயில் பக்கம் திரும்பப் பார்க்கும் அடங்காப் பசு. அதோடும் விட்டாரா? போகிற வழியில் பூச்செடித் தொட்டிமேல் கிடந்ததை இறக்கினார், கார்களுக்கு நடுவே சிக்கியதை உருவினார், சக்கர நாற்காலி இடத்திலிருந்ததை அரியணையிலிருந்து அகற்றினார், எல்லாவற்றையும் ஒன்றுக்குள் ஒன்றாய்ச் செருகி, நீண்ட இரும்புப் பாம்பொன்றைக் கடகடவென்று ஓட்டிச் சென்றார். அந்த வெயிலில், அத்தனை ஹாரன்களுக்கு நடுவே, காரோடு காத்திருந்த மூன்று பேரையும் மறந்து, அவர் மகிழ்ச்சியாக இருந்தார். அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. சரியான ஒன்றைச் செய்கிறோம் என்பதில் அவருக்கு ஐயமில்லை, அது சரியானதும்தான், அதுதான் இதில் இருக்கிற பரிதாபம்.

ஸ்டாண்டில் கடைசி டிராலி போய்ச் சேர்ந்தபோது ‘க்ளிங்’ என்றது. வெற்றி! தலைவர் கனைத்தார். அங்கே நின்ற கடைப் பணியாளர், காதில் மாட்டிய இயர்போனைக் கழற்றாமலே, மீட்கப்பட்ட அந்த டிராலியை உருவி, அடுத்து வந்த அம்மாளிடம் தள்ளிவிட்டார். அந்த அம்மாளை அது உடனே சுவர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று.

அவர் திரும்பி வந்தபோது சம்பந்தி கைக்குட்டையால் காரின் பின்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தால் போகிற விஷயமில்லை அது. மகள் குனிந்து, உடைந்த சிவப்புக் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி ஒரு காலிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். தகப்பனார் வந்தது தெரிந்தும் தலை நிமிரவில்லை. “அதெல்லாம் கையில எடுக்காதம்மா, குத்திடும், ஒரு அட்டையால...” என்று தொடங்கினார் தலைவர். அவள் பையை முடிச்சுப் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள்.

கார் கிளம்பியது. மனைவி தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். சிக்னலில் வண்டி நின்றபோது, பாதையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், இதுவரை யாரும் கேட்டிராத தணிந்த குரலில் மரக்கடை முதலாளி பேசினார்.

“ஏம்மா, நீங்க தனியா வீடு பாக்கறதப் பத்திதானே பேசணும்னே? தாராளமாப் போங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன். தினம் ஒருத்தர் சொல்லிக்குடுக்க ஒருத்தர் கேட்டுக்கறதுன்னா என்ன கஷ்டம்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. என் வீட்டுல நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்போல.”

முதல் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் தலைவரின் செவி எதையும் வாங்கவில்லை. போங்க என்றாரே! தாராளமாக என்றாரே! டிராலியும் மீண்டது, மகளும் மீண்டாள். ஒரே நாளில் இரட்டை வாகை! அவர் உள்ளத்தில் மூன்றாவது மாடியின் கதவுகள் திறந்தன, சன்னல்கள் ஒளிர்ந்தன, பால்கனியில் கொடிக்கயிறு விதிமுறைப்படி உட்புறமாகக் கட்டப்பட்டது, மாலைதோறும் படிகளில் அவள் காலடி கேட்டது, மருமகப்பிள்ளை துணைச் செயலாளராய் முடிசூட்டிக்கொண்டு பசைக்கிண்ணம் ஏந்தி நின்றார். பொங்கிய ஆனந்தம் தாங்காமல், முன்சீட்டிலிருந்து உடம்பு முழுவதையும் பின்பக்கம் திருப்பி, தண்ணீர் மோட்டார் போடும் வேளைகளையும், குப்பை வைக்கும் முறையையும், வாசலில் செருப்பு ஸ்டாண்டு வைக்கக்கூடாது என்பதை மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டியதையும், மூன்றாவது மாடிக்காரர்கள் லிஃப்ட்டைவிடப் படியைப் பயன்படுத்துவதால் விளையும் உடல்நலத்தையும், ஆற்றொழுக்காய், அடுக்கடுக்காய், மூச்சுவிடாது, அரசாணை வாசிக்கும் அமைச்சரைப்போல் அவர் எடுத்தியம்பி முடித்த வேளையில், சிக்னல் பச்சையாயிற்று.

“நாங்க வேற பக்கம் வீடு பாத்துக்கறோம்ப்பா” என்றாள் மகள்.